பாட்டுப் பாடிப் படுத்துவிட்ட வேன்

ஏப்ரல் 9, வியாழன்

ஊரடங்கு. பள்ளிக்கூடம் மூடியதிலிருந்து என் வேன் வாசலில் சும்மா நிற்கிறது. நான் சும்மா நிற்கிற ஆளா? எதிர்வீட்டுத் தையல்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. திங்களும் வியாழனும் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். ஒரு தடவை தவறினாலும் கால் வீங்கி மூச்சு முட்டும். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. மனுஷர் யாரிடமும் வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார். "நான் இருக்கேன் தம்பி"ன்னு சொல்லிவிட்டேன். போலீஸ் அனுமதியும் நானே வாங்கினேன். அதிகாரி எழுந்து சல்யூட் அடித்தார். கொசு விரட்டியிருக்கலாம். ஆனால் கை நெற்றிவரை போனது நிஜம்.

இன்று முதல் சவாரி. போகவர அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் பேசினேன்.

ஏப்ரல் 11, சனி

தெருவே உம்மென்று கிடந்தது. வேனின் பின்கதவைத் திறந்து, ஸ்பீக்கரைத் தெருப்பக்கம் திருப்பி ஒரு பாட்டுப் போட்டேன். அவ்வளவுதான். மாடிக்கு மாடி தலை முளைத்தது.

ஏப்ரல் 12, ஞாயிறு

இன்றும் பாட்டு. மாடியிலிருந்து ஆளாளுக்குக் கத்திக் கேட்கிறார்கள், நான் போடுகிறேன். பக்கத்து வீட்டுக் கணக்கு டீச்சர் துணி காயப்போட வந்தவர் ஆடியே விட்டார். ஆயிரம் பேராவது கேட்டிருப்பார்கள். தெருவில் இருப்பது இருபது வீடு. அதனாலென்ன, காற்று தூக்கிக்கொண்டு போகாதா?

ஏப்ரல் 13, திங்கள்

காலையில் தையல்காரர் பையோடு வந்து ஏறினார். சாவியைத் திருகினேன். 'டிக்' என்றது. மறுபடி 'டிக்'. பேட்டரி காலி. ரெண்டு நாளா பாட்டுப் பாடியே செத்துப்போச்சு. அவர் முகம் ஏற்கெனவே வீங்கியிருந்தது. "பரவால்லண்ணே, நடந்து பாக்கறேன்" என்கிறார். எங்கே நடப்பது?

"உங்க வாயால வண்டி ஓடும்னா நாம எப்பவோ உலகத்தைச் சுத்தியிருக்கலாம்" என்றாள் என் வீட்டுக்காரி. சொல்லிவிட்டுக் கொடிக்கயிற்றை அவிழ்த்தாள்.

பின்னாலிருந்து தள்ளலாம்தான். தோளோடு தோள் இடிக்கும், தள்ளி நிற்கணுமே. அதனால் முன்பக்கம் இரண்டு கயிறு கட்டி, தெருவின் இரண்டு ஓரத்துக்கும் இழுத்தோம். நீளம் போதவில்லை. மாடியிலிருந்து புடவைகள் விழுந்தன. முடிச்சுக்கு முடிச்சு ஒரு ஆள், நடுவே ஆறடி. டீச்சர் அளந்து நிறுத்தினார். "அங்கிள், செகண்ட் கியர்ல போட்டீங்களா?" என்று வேறு கேட்டார். என்னையா கேட்கிற கேள்வி அது? (போடவில்லை. அப்புறம் போட்டேன்.)

இழுத்தார்கள். வேன் அசைந்தது. உருண்டது. "விடுங்க"ன்னு கத்தி நான் கிளட்சை விட்டேன். ஒரு உதறு உதறி இருமியது பாருங்கள், இருமினாலே ஓடுகிற இந்தக் கொரோனா காலத்தில் அந்த இருமலைக் கேட்டுத் தெருவே கைதட்டியது. கண்ணாடியில் பார்த்தால் இரண்டு பக்கமும் கலர் கலராகப் புடவை பறக்கிறது. மூன்று சிக்னல் தாண்டும் வரை கழற்ற மறந்துவிட்டோம். ஆஸ்பத்திரியில் நேரத்துக்குச் சேர்த்துவிட்டேன். இன்ஜினை மட்டும் அணைக்கவே இல்லை.

ஏப்ரல் 14

கை வலி. ஸ்டியரிங் பிடித்த கைதான். வலி வலிதானே.

ஏப்ரல் 16, வியாழன்

மெக்கானிக் மாப்பிள்ளை பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்துவிட்டான். அதைச் சொன்னதும், கயிற்றோடு தயாராக நின்ற தெரு முகத்தைத் தொங்கப்போட்டது. பாவமாக இருந்தது. ஓடிக்கொண்டிருந்த வண்டியை அணைத்துவிட்டு, "சரி, இழுங்க" என்றேன்.

ஜூன் 15, திங்கள்

பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. தெருமுனையிலேயே நிற்கிறது, ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுகிறது. இனி என் வேலை முடிந்தது என்று வாசலில் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். தையல்காரர் வந்து முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"தம்பி, பஸ்ஸுதான் வந்துடுச்சே."

"வந்துடுச்சுண்ணே. ஆனா டிரைவர்கிட்ட பேசக் கூடாதுன்னு அதுல எழுதிப் போட்டிருக்கான்."

ஆஸ்பத்திரி வரும் வரை அவர்தான் பேசிக்கொண்டே வந்தார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.