டாக்டர் சொன்னதில் பாதி

ஜூலை 14, திங்கள்

திருப்பதி ஆஸ்பத்திரி வராந்தா. புழுக்கம். மழை வருவதுபோல் இருந்து வரவில்லை.

புதனன்று இங்கிலீஷ் டெஸ்ட். முரண் காட்டும் அட்வெர்ப்கள்: ஹவெவர், ஸ்டில், நெவர்தலெஸ், இன்ஸ்டெட். மேடம் சொன்னது: முதல் வாக்கியம் ஒன்றை எதிர்பார்க்க வைக்கும், அடுத்தது அதற்கு மாறாக வரும், நடுவில் இந்தச் சொல். ஹவெவருக்குப் பின் கமா. சொந்தமாகப் பத்து வாக்கியம் வேண்டும். ஒன்று எழுதினேன்: மழை பெய்தது, ஹவெவர், பள்ளிக்குப் போனோம். உப்புச் சப்பில்லை.

பக்கத்துப் படுக்கைக்காரம்மா: "ஆஸ்பத்திரிலயும் படிப்பா? எம் பேரன் ஊட்லயே படிக்க மாட்டான்."

நைனாவுக்குக் காலில் சர்க்கரைப் புண். ஒரு விரலை எடுத்தாயிற்று. நகரியில் எங்கள் தறி இரண்டும் நிற்கின்றன. அம்மாவுக்கு அந்தக் கவலை வேறு.

ஜூலை 15, செவ்வாய்

காலை ரவுண்ட்ஸ். வடக்கத்தி டாக்டர். தெலுங்கும் வராது. என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். விரல் எடுத்த காயம் சுத்தமாக இருக்கிறது. ஹவெவர், சீழ் மேலே ஏறுகிறது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம். எனக்குப் புரிகிறதா என்று பார்த்துப் பார்த்து, மெதுவாக. எல்லாம் புரிந்தது.

அம்மா: "இன்னாடி சொல்றாரு?"

"காயம் சுத்தமா கீதாம், அம்மா."

அம்மாவின் முகம் அப்படித் தெளிந்து எத்தனை நாளாயிற்று. மீதிக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் பையைத் தூக்கிவிட்டாள்.

"நான் போயி தறிய ஓட்றேன். நைனாவுக்கு வேளைக்கு துன்னக் குடு."

புத்தூர் வழியாக நகரி போகும் பஸ் ஏறிவிட்டாள். நெவர்தலெஸ்ஸுக்கு வாக்கியம் வரவில்லை.

ஜூலை 16, புதன்

டெஸ்டுக்குப் போகவில்லை. நைனாவுக்குக் காய்ச்சல். கணுக்கால் வரை கறுத்துவிட்டது.

நைனா, சுவரைப் பார்த்துக்கொண்டு: "டாக்டரு அவ்ளோ நேரம் பேசினாரு. நீ ஒரு வார்த்தைல முடிச்சிட்ட."

போர்வையை அவர் கால்மேல் இழுத்துவிட்டேன்.

"காலுதானே?"

தலையாட்டினேன்.

"போவுது போ. கரண்டு தறிதானே. மிதிக்கவா போறேன்." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மதியம் டாக்டர் வந்தார். நாளைக்கே ஆபரேஷன். கையெழுத்துப் போட அம்மா வர வேண்டும்.

வராந்தாவுக்கு வந்து போன் போட்டேன். அந்தப் பக்கம் தறிச் சத்தம்.

"அம்மா, டாக்டரு நேத்தே இன்னொண்ணும் சொன்னாரு."

"காதுல வுழல. தறி ஓடிக்கினு கீது. சத்தமா சொல்லு."

சத்தமாகச் சொன்னேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அந்தப் பக்கம் ஒரு தறி நின்றது. அப்புறம் இன்னொன்று.