வளையல் போட்ட கை

ஓரிக்கை

அன்பு மகன் சத்யராஜுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை ஜோதிகாவும் நன்றாக இருக்கிறோம், குவைத் வெயிலில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க அந்த அம்மன்தான் துணை. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், இதை முழுசாகப் படித்துத்தான் ஆகவேண்டும். அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்புகிற ஜோசுவாவிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

நான் போகிற ஞாயிற்றுக்கிழமை லினோ அச்சு வகுப்பை நிறுத்தச் சொன்னாயே, நிறுத்தவில்லை. உன் பெரியப்பா சிட்டிபாபு சொன்னதுபோல் அது வயசுப் பிள்ளைகள் கூத்தடிக்கிற இடமும் இல்லை, ஒன்றும் தெரியாதவர்களுக்குத்தான் இந்த வகுப்பே என்று சொல்லித்தருகிற பெண் ரூக்ஷார் முதல் நாளே சொல்லிவிட்டது. லினோ என்பது ரப்பர் மாதிரி ஒரு தகடு. அதை வெயிலில் வைத்து இளக்கி, வேண்டாத இடத்தைச் சின்ன உளியால் செதுக்கி எடுத்துவிட்டு, உருளையால் மை தடவி, மேலே காகிதம் வைத்துக் கரண்டி முதுகால் தேய்த்தால் படம் விழும். பட்டுக்கடையில் நாள் முழுக்க ஊரார் கல்யாணத்துக்குப் புடவை பிரித்துக் காட்டி மடித்து வைக்கிறவளுக்கு, பெற்ற மகளின் கல்யாணப் பத்திரிகையைத் தானே அச்சடிக்க ஆசை வந்தது, அதில் என்ன குற்றம்?

தாம்பூலத் தட்டு நீட்டுகிற கை ஒன்றைச் செதுக்கினேன். என் வலது கையைப் பார்த்துத்தான் வரைந்தேன், காகிதத்தை எடுத்துப் பார்த்தால் இடது கை! இடது கையால் வெற்றிலை பாக்கு நீட்டினால் யாரப்பா கல்யாணத்துக்கு வருவார்கள்? வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அதை வீட்டுக்குக் கொண்டு வந்ததுதான் தப்பு. உன் பெரியப்பா பார்த்துவிட்டு, தாலி அறுத்தவ கை பட்டா இப்டிதாம்மா, எல்லாம் தப்பாவே வந்துக்கினு இருக்கும் என்று ஜோதிகா எதிரிலேயே சொன்னார். பத்திரிகையை நான் தொடவே கூடாதாம், மஞ்சள் தடவுவது முதல் எல்லாம் உன் பெரியம்மா பார்த்துக்கொள்வார்களாம். அன்று சாயந்திரமே நீயும் கூப்பிட்டு, இன்னாத்துக்கும்மா வம்பு, அவர் சொல்றத கேட்டுக்கினு போயேன் என்றாய். அவர் சொன்னதைவிட நீ சொன்னதுதான் எனக்கு வலித்தது. உன் அப்பா போன பிறகு உங்களுக்குச் சோறு போட்டது இந்தக் கைதான், அப்போது யாரும் இதை ஆகாத கை என்று சொல்லவில்லை.

அச்சில் யார் செதுக்கினாலும் இடம் வலம் மாறித்தான் விழும், தீர்க்கசுமங்கலி செதுக்கினாலும் அதே கதிதான். அடுத்த வாரம் இடது கையைப் பார்த்து வரைந்தேன், அழகாக வலது கை விழுந்தது. ஆனால் மணிக்கட்டு மொட்டையாகத் தெரிந்தது. தகட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, உளியை எடுத்து வரிசையாக வளையல் கீறினேன். ஜோதிகா பார்த்துக்கொண்டே இருந்தவள் உள்ளே போய்த் தன் கண்ணாடி வளையல்களை எடுத்துவந்து என் கையில் போட்டுவிட்டாள். நான் கழற்றவில்லை. அந்தக் கையோடுதான் பத்திரிகை முழுக்க அடித்தேன், அந்தக் கையோடுதான் உன் பெரியப்பா வீட்டுக்குப் போய்த் தட்டில் வைத்து அழைத்தேன். அவர் என் கையைப் பார்த்தார், பத்திரிகையைப் பார்த்தார், கல்யாணத்துக்கு வருவதாகச் சொல்லவில்லை. வராவிட்டால் போகட்டும், பந்தலில் உன் அப்பாவுக்குப் பதிலாக அவர் நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்பேன்.

இதோடு இருப்பது உனக்கென்று எடுத்து வைத்த பத்திரிகை, நாலு மூலையிலும் மஞ்சள் தடவினது நான்தான். லீவுக்கு இப்போதே சொல்லி வை, வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. நீ வந்து இறங்குகிற அன்றைக்கும் என் கையில் வளையல் இருக்கும், பார்த்துவிட்டு அண்ணனாக ஜோதிகா பக்கம் நிற்பாயா பெரியப்பா பக்கம் நிற்பாயா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வா. எந்தப் பக்கம் நின்றாலும் நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

உன்னை வலது கையால் அழைக்கும்,
அம்மா நீலாம்பாள்