இல்லாத கருப்பைக்கு வாங்கும் பிரீமியம்

அனுப்புநர்:
சாவிக்கடைக்காரி,
பேருந்து நிலையம் எதிரில்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்,
மருத்துவக் காப்பீட்டுப் பிரிவு.

பொருள்: பெண் என்பதற்காகக் கூட்டிய பிரீமியத்தை நீக்கி, பாலிசி காலாவதியாகாமல் காக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் தம்பியும் இரட்டையர். அவன் என்னைவிடப் பத்து நிமிடம் இளையவன். இருவருக்கும் வயது நாற்பத்தொன்று. ஒரே கடையில் சாவி வெட்டிப் பிழைக்கிறோம். ஒரே நாளில் ஒரே நிறுவனத்தில் பாலிசி எடுத்தோம். அவன் நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் ஊதுகிறான், இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை விழுங்குகிறான். இரண்டையும் படிவத்தில் மறைக்காமல் எழுதியும் இருக்கிறான். ஆனாலும் அவனைவிட எனக்கு ஒன்றரை மடங்கு பிரீமியம்.

2. காரணம் கேட்டுக் கிளை அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்தேன். கவுண்டரில் இருந்தவர், "நீங்க பிள்ளை பெத்துக்கிற வயசும்மா. நாப்பத்தஞ்சு வரைக்கும் பொம்பளைங்களுக்கு ரேட்டு அப்படித்தான். கம்ப்யூட்டர் போடுது, நான் என்ன பண்றது?" என்றார்.

3. ஐயா, மூன்று வருடத்துக்கு முன் கட்டி வந்து என் கருப்பையை எடுத்துவிட்டார்கள். அந்த ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்ததே இந்த நிறுவனம்தான். நன்றி மறக்கவில்லை. ஆனால் மறு வருடமே, கருப்பை தொடர்பான எந்தச் சிகிச்சைக்கும் இனி பணம் கிடையாது என்று பாலிசியில் ஒரு வரி சேர்த்தார்கள். ஆக, பணம் கொடுக்கும் பக்கத்தில் எனக்குக் கருப்பை இல்லை. வாங்கும் பக்கத்தில் இருக்கிறது. இதைச் சொன்னபோது தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு வயிறு எரிந்தது.

4. பதினைந்தாம் தேதிக்குள் பிரீமியம் கட்டாவிட்டால் பாலிசி போய்விடும். அன்று வந்த கட்டி உடம்பில் வேறெங்காவது தலைகாட்டுகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வேறு நிறுவனங்கள் என் ஃபைலைத் திறந்த கையோடு மூடிவிடுகின்றன. சிகரெட்டை விட்டுவிட்டு அந்தப் பணத்தைத் தருகிறேன் என்கிறான் தம்பி. இருபது வருடமாக விடாதவன்! அவன் பேச்சை நம்பி நான் உட்கார்ந்திருக்க முடியாது.

5. மருத்துவமனை அறிக்கையின் நகலை இணைத்துள்ளேன். அதைப் பார்த்து, பிள்ளைப்பேற்றுக்காக ஏற்றிய தொகையை நீக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். பதினாறு வருடம் டாக்டர் டாக்டராக ஏறி இறங்கியவள் நான். எனக்குப் பிள்ளை பிறக்கும் என்ற நம்பிக்கையைக் கணவர் விட்டார், மாமியார் விட்டார், கடைசியில் நானும் விட்டேன். இன்னும் விடாமல் இருப்பது அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதையும் விட்டுவிடச் சொல்லுங்கள், ஐயா.

நாள்: ஆறாம் தேதி
இடம்: சாவிக்கடை

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
சாவிக்கடைக்காரி