பண்டமாரான் திடலில் ஒரு வெள்ளைப் புள்ளி

போட்ஸ்வானா
4.5.1992

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் கவலை.

இங்கே இரண்டு வருடமாக மழையில்லை. செயற்கைக்கோள் எடுத்த படங்களை வைத்து, மண்ணுக்கடியில் எங்கே தண்ணீர் இருக்கும் என்று தேடுகிறோம். காய்ந்த ஆற்றோரம் பச்சையாகத் தெரிந்த ஓர் இடத்தைக் காட்டினேன். தோண்டினார்கள். உப்புத் தண்ணீர். ஊர்ப் பெண்கள் வெறும் வாளிகளோடு திரும்பி நடந்தார்கள். படத்தை மட்டும் நம்பாதே, நேரில் போய்ப் பார் என்பதுதான் எங்கள் வேலையின் முதல் பாடம். அவசரத்தில் அதை விட்டுவிட்டோம்.

ஆசைப்பட்டு நம் கிள்ளான் படத்தையும் கேட்டு வாங்கினேன். எல்லாம் மேகம்! நம் வீடு அதற்கடியில் எங்கேயோ இருக்கிறது. ஜூன் 14 காலை பத்து மணிவாக்கில் அந்தச் செயற்கைக்கோள் மறுபடி நம் ஊர் மேல் போகும். அண்ணாந்து பாருங்கள். ஆனால் அதற்கு ஆள் தெரியாது. முப்பது மீட்டர் இடம் சேர்ந்தால்தான் ஒரு புள்ளி.

உங்கள் சீதா

பண்டமாரான், கிள்ளான்
25.5.1992

என் சீதாவுக்கு,

மேகத்தை நான் என்ன செய்ய? தினமும் சாயங்காலம் மழை. பூஞ்சை பிடிக்கிறதே என்று உன் மஞ்சள் சேலையைத் துவைத்துப் போட்டேன். மூன்று நாளாகக் காயவில்லை.

எனக்கு ஒரு யோசனை. எங்கள் துறைமுகக் கிடங்கில் லோரிகளுக்குப் போர்த்தும் வெள்ளைக் கன்வாஸ்கள் நிறைய இருக்கின்றன. ஜூன் 14 ஞாயிறு எல்லாவற்றையும் நம் திடலில் முப்பது மீட்டருக்கு ஒன்றாக விரித்து, நடுவில் நான் நிற்கப்போகிறேன். கூட வேலை செய்யும் விஜயன் தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணே, அக்காவுக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சிடும் லா! இதுக்குப் போயி இவ்ளோ கன்வாஸா?" ஆனால் லோரி தருகிறேன் என்றான்.

போனை வைத்த பிறகு வீடு எவ்வளவு காலியாக இருக்கும் என்று அவனுக்கு என்ன தெரியும்?

ஜூலையில் உன் ஒப்பந்தம் முடிகிறது. போன தீபாவளிக்கு முறுக்கைக் கடையில் வாங்கித் தனியாகத் தின்றேன். இந்தத் தீபாவளிக்கு வந்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் ரெங்கசாமி

போட்ஸ்வானா
10.8.1992

அன்புள்ள அத்தானுக்கு,

ஜூன் 14 படம் வந்துவிட்டது! கிள்ளானெங்கும் மேகம், பண்டமாரான் மேல் மட்டும் சின்ன இடைவெளி. அதில் நம் திடல். திடலில் ஒரு வெள்ளைப் புள்ளி. நீங்கள்தான்! மேசைக்கு எதிரே ஒட்டிவைத்து, பார்த்துப் பார்த்து அழுதேன்.

அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். கோபிக்காதீர்கள். இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வேறோர் இடம் கண்டிருக்கிறோம். இந்த முறை நானே நடந்து போய் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டேன். அந்தப் பெண்கள் என்னைக் கண்டால் இன்னும் சிரிப்பதில்லை. அவர்கள் நல்ல தண்ணீர் குடிப்பதைப் பார்க்காமல் எனக்கு வர மனமில்லை. தீபாவளிக்கு என்னை எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் சீதா

பண்டமாரான், கிள்ளான்
30.8.1992

என் சீதாவுக்கு,

உன் கடிதத்தை பஸ் நிறுத்தத்தில் நின்று படித்தேன். பஸ் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

ஜூன் 14 விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. திடலில் கணுக்கால் அளவு தண்ணீர். விஜயன் லோரியோடு வந்து பார்த்துவிட்டு, "வேணாம் லா அண்ணே, இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று திரும்பிவிட்டான். கன்வாஸ் லோரியைவிட்டு இறங்கவேயில்லை. நான் மட்டும் பத்து மணிக்குக் குடையோடு போய் நின்றேன். வெட்கத்தில் உனக்கு எழுதவில்லை.

என் மனம் நோகக்கூடாது என்றுதான் அந்தப் புள்ளியைப் பார்த்ததாக எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படி எழுதினால் பரவாயில்லை. அந்தப் பெண்களிடம் மட்டும் இல்லாததை இருக்கிறது என்று சொல்லிவிடாதே. அவர்கள் நம்பித் தோண்டுவார்கள். தண்ணீர் வரும்வரை இரு. முடித்துவிட்டு வா.

நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதையும் நம்பாதே. உன் வேலையின் முதல் பாடம் உனக்குத் தெரியும். நேரில் வந்து பார், சீதா.

உன் ரெங்கசாமி