மகிழ்ச்சியாக இருந்தார்

மார்ச் 4, செவ்வாய்

மாற்றுத்திறனாளிகள் இல்லத்துக்குப் போயிருந்தேன். தம்பி வேறு யாருடைய சட்டையையோ போட்டிருந்தான். கேட்டால், "சலவைல மாறியிருக்கும் மேடம்" என்கிறார்கள். போகட்டும், சட்டையால் யாருக்கும் மூச்சடைக்காது. ஆனால் மதியம் முழு ரொட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள். நாற்பத்தொரு வயதாகியும் மெல்லாமல்தான் விழுங்குவான். போன வருடம் தொண்டையில் அடைத்து, உதடெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார்: மசித்துத் தர வேண்டும், நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், முடிக்கும்வரை ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தத் தாளை மாடியில், அவன் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள். சாப்பாட்டு மேஜை கீழே. கட்டிலா வந்து ஊட்டப் போகிறது?

மார்ச் 5, புதன்

மேனேஜருக்கு போன் செய்தேன். "நோட் பண்ணிக்கிட்டேன் மேடம்." இந்த வருடத்தில் இது ஐந்தாவது நோட்.

மார்ச் 8, சனி

தம்பியை இரண்டு நாளைக்கு வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறேன். மசித்த உருளைக்கிழங்குக்கு இரண்டு தடவை "இன்னும்" என்றான். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. அவனைத் தாங்கி ஏற்றியதில் என் வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "இங்கயே வெச்சுக்கலாமா?" என்று கேட்டார். இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்கிறார், பாவம். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். பகலில் யார் பார்ப்பது?

மார்ச் 10, திங்கள்

காலையில் அவனைக் கொண்டுபோய் விட்டேன். மேனேஜர் வந்திருக்கவில்லை. மேஜையில் அவனுடைய ஃபைல் இருந்தது, புரட்டினேன். சனிக்கிழமை மதியம்: முழுவதும் சாப்பிட்டார். மசித்துத் தரப்பட்டது — டிக். அருகில் பணியாளர் இருந்தார் — டிக். குளித்தார் — டிக். மனநிலை: மகிழ்ச்சியாக இருந்தார். ஞாயிறும் அப்படியே.

அடப்பாவிங்களா, அவன் என் வீட்டுல இருந்தான்.

அடுத்த பக்கம் அதைவிடக் கூத்து. வரப்போகிற ஞாயிறு வரைக்கும் டிக் போட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமையும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கப் போகிறானாம். ஜோசியக்காரன்கூட இவ்வளவு தைரியமாகச் சொல்ல மாட்டான். போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

மேனேஜர் வந்ததும் காட்டினேன். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. "கட்டம் காலியா இருந்தா ஆய்வுல மார்க் போயிடும் மேடம். அதான் திங்கக்கிழமையே மொத்தமா போட்டுடுவோம். ஏதாவது நடந்தா அப்புறம் திருத்திக்குவோம்."

ஏதாவது நடந்தா. என்ன நடந்தா? அவன் செத்துப்போனா அழிச்சு எழுதுவீங்களா? இதை வாய்விட்டுக் கேட்டேனா, மனசுக்குள் கேட்டேனா, ஞாபகமில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் மறைக்கக்கூட மெனக்கெடவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

ஆய்வு அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். அனுப்பவில்லை. இல்லத்தையே மூடிவிட்டால்? மற்ற இடங்களில் மூன்று வருடம் காத்திருக்கச் சொல்கிறார்கள். பேசினால் அவனுக்கு இடம் போகும், பேசாவிட்டால் உயிர் போகும். என்ன பிழைப்பு இது.

மார்ச் 12, புதன்

அனுப்பிவிட்டேன்.

மார்ச் 19, புதன்

வேலைக்கு லீவு போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் உட்கார்ந்தேன். பன்னிரண்டு பேருக்கு இரண்டே பணியாளர்கள். அதில் ஒருத்தியை எல்லோரும் ‘சுறுசுறு’ என்கிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானே புகார் குடுத்தது?"

"ஆமா."

"ஊட்டவா, எழுதவா, நீங்களே சொல்லுங்கக்கா. ரெண்டும் செய்யணும்னா இன்னும் ரெண்டு கை வேணும்."

"டிக் போடுறது யாரு?"

"நான்தான்." தலை நிமிரவில்லை. "எனக்கே வெக்கமாத்தான் இருக்கு."

நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் போனேன். ஸ்பூனை வாங்கித் தம்பிக்கு நானே ஊட்டினேன். திட்டாமல் வந்ததற்கு இப்போது என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

ஆய்வு அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்தாராம். சாயங்காலம் அவரே போனில் பேசினார். மேனேஜர் நீட்டிய ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு, சாப்பாட்டு அறையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். மூடப் போவதில்லை. அப்பாடா. சாப்பாட்டு நேரத்துக்கு மூன்றாவது ஆள் வைக்க வேண்டும், நடக்காததை எழுதக் கூடாது, மறுபடி வருவேன் என்று உத்தரவு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று தெரிந்த ஒருவராவது அந்த அலுவலகத்தில் இருக்கிறார்.

ஏப்ரல் 12, சனி

மூன்றாவது ஆள் வந்தாயிற்று. ஃபைலில் கட்டங்கள் பாதி காலி. அதைப் பார்த்தாலும் எரிச்சல் வருகிறது. எனக்கு என்னதான் வேண்டும்?

மே 3, சனி

ஃபைலைக் கேட்டு வாங்கிப் படித்தேன். புதன்கிழமை மதியம், சுறுசுறுவின் கோணல் எழுத்து:

"மசிச்சு குடுத்தேன். மூணு வாய் சாப்பிட்டார். பிறகு தட்டைத் தள்ளிவிட்டார், என் மேல கொட்டிவிட்டது. ரொம்பக் கோபம். காரணம் தெரியவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அரை மணி கழித்து மிச்சத்தைச் சாப்பிட்டார்."

நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். அவன் அங்கே சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. அவனுக்குக் கோபம் வந்தது என்று ஒருவர் எழுதியிருப்பது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன்: "தம்பி புதன்கிழமை தட்டைத் தள்ளிவிட்டானாம்."

"ஐயையோ" என்றார்.

"இல்லைங்க, நல்ல சேதிதான்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.