எண் போடாத சாம்பிள்

மார்ச் 12, புதன்
மாசி மகம். மகாபலிபுரம் கடற்கரையில் காலை ஏழு மணிக்கே கால் வைக்க இடமில்லை. என் வீட்டுக்காரர் ரஞ்சித்துக்குப் புது ஷூ கடித்து வலது குதிகாலில் புண். தினமும் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஆட்களை ஏற்றிக் கம்பெனி வேன் ஓட்டுகிற கால். தண்ணீரில் இறங்காதீங்க என்றேன். "உப்புத் தண்ணி பட்டா ஆறிடும்டி" என்று மூழ்கி மூழ்கி எழுந்தார். எனக்குச் சுண்டல் வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தார்.

மார்ச் 13
காய்ச்சலாம். ஒரு நாள் லீவு போதவில்லை போல.

மார்ச் 14, வெள்ளி
குதிகாலில் லேசான வீக்கம்தான். ஆனால் தொட்டால் கத்துகிறார். சாயந்திரம் லேபுக்கே வரச் சொல்லி ரத்தம் எடுத்தேன்.

வீட்டு ஆட்களின் சாம்பிளுக்கு நாங்கள் எண் போடுவதில்லை. ஃபாரம் கிடையாது, பில் கிடையாது, ஸ்லைடு பார்த்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் டாக்டர் சாராள் மேடமின் தட்டுக்கும் போகாது. எல்லாம் முடிந்தபின் மெஷினில் ஓட்டி நாங்களே பார்த்துக்கொள்வோம். செங்கல்பட்டில் இந்த லேபுக்கு நான் வந்த ஒன்பது வருஷமாக இப்படித்தான்.

வெள்ளையணு 6,800. நார்மல். மெஷின் ஏதோ எச்சரிக்கை காட்டியது. அது தும்மினாலும் காட்டும். கைப்பழக்கத்தில் ஒரு துளியைக் கண்ணாடி ஸ்லைடில் இழுத்து, சாயம் போட்டு, ரேக்கில் வைத்துவிட்டுப் பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடினேன்.

"இன்னா சொல்லுது ரத்தம்?" என்றார்.

"ஒண்ணுமில்ல. நடிக்காம மாத்திரையப் போடுங்க."

மார்ச் 15, சனி
ஆஸ்பத்திரி வராந்தா. எழுத்து கோணுகிறது. எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

காலையில் ரேக்கைக் காலி செய்தேன். எண் இல்லாத அந்த ஸ்லைடைக் குப்பையில் போடத்தான் எடுத்தேன். என்னவோ தோன்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

ஐயோ.

கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோபில் வளர்ந்து முடித்திருந்தால் அதன் கரு மூன்று நான்கு துண்டாகப் பிரிந்திருக்கும். இதில் வளர்ந்தவை விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். பாதிக்கு மேல் வளைந்த குழாய் மாதிரிக் கரு — பாண்டு செல்கள், எலும்பு மஜ்ஜை அவசரத்தில் அரைகுறையாக வெளியே அனுப்பிய குஞ்சுகள். அவற்றுக்குள்ளும் கருத்த பொட்டுகள், ஓட்டை ஓட்டையாகக் குழிகள். வளர்ந்ததெல்லாம் ரத்தத்தை விட்டுப் புண்ணுக்குப் போய்ச் செத்துக்கொண்டிருக்கிறது. மிச்சம் இருந்த குஞ்சுகளையும் சேர்த்து எண்ணித்தான் மெஷின் 6,800 என்றது. நான் நார்மல் என்றேன்.

மேடம் குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை. "தலைய எண்ணியிருக்க துர்கா, மூஞ்சியப் பாக்கலியே. யாரோடது இது?"

"என் வீட்டுக்காரரோடது."

"ஃபோன் போடு. இப்பவே."

நாலாவது தடவைதான் எடுத்தார். "காலு கறுத்துகினு வருது துர்கா. எய்ந்திருக்க முடில." குரலே அவர் குரலாக இல்லை.

108-ல் கூட்டிவந்து, நேராக ஆபரேஷனுக்குள். பதினாலு மணி நேரம் அந்த ஸ்லைடு ரேக்கில் இருந்திருக்கிறது. பார்க்க ரெண்டு நிமிஷம் ஆகுமா? பஸ் போயிடும்னு ஓடினேனே — பாவி, பாவி நான்.

மார்ச் 16
குதிகாலிலிருந்து கெண்டைக்கால் வரை அழுகிய சதையை வெட்டி எடுத்துவிட்டார்கள். கால் நிற்குமா, உயிர் நிற்குமா — கேட்டால் "பாக்கலாம்மா." வெள்ளையணு 2,900-க்கு இறங்கிவிட்டது. மஜ்ஜையால் ஈடுகொடுக்க முடியவில்லை.

மார்ச் 17
மறுபடி ஆபரேஷன்.

மார்ச் 19
கண் திறந்தார். தண்ணீர் கேட்டார். நான் ஏன் அழுகிறேன் என்று அவருக்குப் பாதிதான் தெரியும்.

மார்ச் 22, சனி
நர்ஸிடம் கேட்டு ஒரு குழாய் ரத்தம் வாங்கிக்கொண்டு லேபுக்கு ஓடினேன். ஃபாரம் எழுதினேன், பில் போட்டேன், எண் ஒட்டினேன். கூட வேலை பார்க்கும் பாலாவுக்குச் சிரிப்பு. "இன்னாக்கா, சொந்த வூட்டுக்கே பில்லா?"

வெள்ளையணு 21,600. மெஷின் சிவப்பாகக் காட்டியது. ஸ்லைடில் முழுசாக வளர்ந்த நியூட்ரோபில்கள், கூட்டம் கூட்டமாக. குஞ்சுகள் அங்கொன்றும் இங்கொன்றும். மஜ்ஜை சுதாரித்துக்கொண்டது. மேடம் பார்த்துக் கையெழுத்துப் போட்டு என் தோளைத் தட்டினார். பாத்ரூமில் போய் அழுதேன்.

கால் நிற்குமாம். நடக்க மூன்று மாசம். வேன் ஓட்டுவது பிறகு பார்க்கலாம் என்கிறார்கள்.

"இன்னா சொல்லுது ரத்தம்?" என்றார்.

"நார்மல் இல்ல. அதான் நல்லது" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் — எண் போடாதது, எச்சரிக்கை, பார்க்காமல் வைத்த ஸ்லைடு, பஸ், எல்லாம். திட்டுவார் என்று காத்திருந்தேன். கட்டுப்போட்ட காலை மெல்ல நகர்த்திப் பார்த்தார்.

"இனிமே எனக்கும் ஒரு நம்பர் போடு துர்கா" என்றார்.

"போட்டுட்டேன்" என்றேன். ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். 1147.