சிக்னலில் நின்றவளை வேகத்தில் செத்தவள் என்கிறார்கள்

என் தங்கப் பியூலா,

அழுகை ஓயட்டும், அப்புறம் எழுதலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அழுகை ஒருவழியாக ஓய்ந்தது. அந்த இடத்தில் இப்போது கோபம் வந்து உட்கார்ந்திருக்கிறது. நீ இருந்திருந்தால், "மைனி, மொதல்ல தண்ணியக் குடிங்க, பொறவு சண்ட போடுவோம்" என்றிருப்பாய். தண்ணீர் குடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நம் தெரு திரும்புகிற முக்கில் உன் படத்தைப் போட்டு ஒரு ஃபிளெக்ஸ் பேனர் வைத்தார்கள். ரேஸ் டிராக்கில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, லெதர் சூட்டில் நீ சிரித்துக்கொண்டு நிற்பாயே, அந்தப் படம். அதற்கு மேலே, "வேகத்துக்குப் பலியான இளம் உயிர்." கீழே, "பெற்றோர்களே, பிள்ளைகளுக்குப் பைக் வாங்கிக் கொடுக்காதீர்கள்." உனக்கு யார் வாங்கிக் கொடுத்தார்கள் பியூலா? காலை முதல் சாயங்காலம் வரை கிளினிக்கில் அடுத்தவர்களின் முதுகையும் முழங்காலையும் சரிசெய்து நீயே சம்பாதித்து வாங்கிய வண்டி அது. பிசியோதெரபிஸ்ட் என்று அந்தப் பேனரில் ஒரு வார்த்தை இல்லை.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். பியூலா என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. குள்ளமானவள். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அலமாரி மேல்தட்டில் இருப்பதை எடுக்க என்னைத்தான் கூப்பிடுவாள். அந்த உயரத்தோடுதான் டிராக்கில் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கக் கிளம்பினாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த ஷோரூம்காரன் ஞாபகம் இருக்கிறதா? நீ கேள்வி கேட்கிறாய், அவன் பதிலை என்னிடம் சொல்கிறான், நான்தான் வாங்க வந்தவள் போல. நீ ஏறி உட்கார்ந்ததும், "மேடத்துக்குக் கால் எட்டலியே, சீட்டு ஃபோமை வெட்டி எறக்கித் தந்துருவோம்" என்றான். உனக்கு எங்கிருந்துதான் அந்தப் பொறுமை வந்ததோ. "சீட்ட எறக்குனா இடுப்பு எறங்கும். ஃபுட்ரெஸ்ட் இருந்த எடத்துலயே இருக்கும். அப்ப என் முழங்கால் இன்னும் மடங்கிப் போவும். டிராக்ல ஓடும்போது யாரு காலக் கீழ ஊனுதா?" என்று கேட்டாய். அவன் சிரித்தான். வண்டியின் குதிரைத்திறனைச் சொல்ல ஆரம்பித்தான்.

கோயம்புத்தூர் பக்கம் டிராக்கில் பயிற்சி கொடுப்பவர்களிடம் இரண்டு வண்டிகளை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் முடிவு செய்தாய். ஒன்று எல்லோரும் வாயைப் பிளக்கிற ஆயிரம் சிசி, நாலு சிலிண்டர். இன்னொன்று அதைவிடச் சிறியது, இரண்டு சிலிண்டர். நான் டிராக் ஓரம் வண்டிகளை நிறுத்தும் பிட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். காதைப் பிளக்கும் சத்தம், ரப்பர் நாற்றம். பெரிய வண்டியில் போய்விட்டு வந்து கையுறையைக் கழற்றி உதறினாய். உள்ளங்கை சிவந்திருந்தது.

"ஏன், ரொம்ப வேகமா?" என்றேன்.

"வேகம் இல்ல மைனி. டேங்க் அகலம். என் தொடைக்குப் பிடி கெடைக்கல. பிரேக் பிடிச்சா ஒடம்பு பூரா மணிக்கட்டுல வந்து விழுது. ஹேண்டில் தூரம், முழங்கை நட்டமா நீண்டு போச்சி. நீண்ட கைய வச்சி எப்படித் திருப்ப?"

சின்ன வண்டியில் போய் வந்தபோது உன் முகமே வேறாக இருந்தது. டேங்க் இடுப்பு சிறுத்து, இரண்டு தொடைக்கும் நடுவே பிடித்து நின்றது. முழங்கை மடங்கியிருந்தது. பிரேக் லீவரை விரல்கள் எட்டிப் பிடித்தன. சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மட்டும் உன் எடைக்குக் கடினம், வாங்கும் வண்டியில் தளர்த்திக் கொடுக்க வேண்டும் என்று மெக்கானிக்கிடம் சொன்னாய். "பெரிய வண்டியில நான் பயணி மைனி, அது என்னையக் கூட்டிட்டுப் போவுது. இதுலதான் நான் ஓட்டுதேன். இதுல ஆக்சிலேட்டர முழுசாத் திருகலாம். அதுல பாதிக்கு மேல திருகப் பயம். திருக முடியாத பவர வச்சி என்ன செய்ய?"

பக்கத்தில் நின்ற ஒருவர், நெடுநெடுவென்று உயரம், "லேடீஸுக்குச் சின்ன வண்டிதான் லாயக்கு" என்றார். நீ கோபப்படவில்லை. "ஒங்க நீளத் தொடைக்குப் பெரிய வண்டிதான் சார் பொருத்தம். இதுல ஒக்காந்தா ஒங்க முழங்கால் முழங்கையில இடிக்கும். ஆம்பள பொம்பள இல்ல சார், அளவு" என்றாய். பிறகு வளைவுகளில் அவரை நீ உள்பக்கமாகத் தாண்டிப் போனதை நாற்காலியை விட்டு எழுந்து நின்று பார்த்தேன். நேர்ப்பாதையில் அவர் முந்துவார். வளைவில் உன்னிடம் விட்டுவிடுவார்.

அந்த வண்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நம் தெருவுக்கு ஒரே பேச்சு. கேட்டில் நிறுத்தும்போது நீ ஒரு பக்கம் சரிந்து ஒற்றைக் காலை ஊன்றுவாய். அதைப் பார்த்துவிட்டுக் 'கால் எட்டாத வண்டி' என்று பேர் வைத்தார்கள். வளைவில் நீ எப்படி உட்கார்வாய் என்று அவர்கள் கண்டார்களா? உன் அம்மாவே கண்டதில்லை. நீ ஸ்டார்ட் பண்ணும் சத்தம் கேட்டாலே அத்தை அடுக்களைக்குள் போய் ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுவார்.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். சாயங்காலம், நல்ல வெளிச்சம். கிளினிக்கிலிருந்து உன் ஸ்கூட்டரில் இருவரும் வந்துகொண்டிருந்தோம். பேக்கரி முன்னால் என்னை இறக்கிவிட்டு, "பன்னு வாங்கிட்டு அந்தப் பக்கமா வாங்க, சிக்னலத் தாண்டி நிக்கேன்" என்றாய். சிவப்பு விழுந்தது. நீ நின்றாய். ஹெல்மெட் மாட்டியிருந்தாய். ஹார்பரிலிருந்து கன்டெய்னர் ஏற்றி வந்த டிரெய்லர் நிற்கவில்லை. நான் பேக்கரிப் படியில் நின்று பார்த்தேன்.

அன்று உன் பைக் எங்கே இருந்தது? வீட்டு போர்ட்டிகோவில், கவர் போட்டு, அசையாமல் நின்றது.

மறுநாள் பேப்பரில் 'பைக் ரேஸ் இளம்பெண் விபத்தில் பலி' என்று போட்டார்கள். அடக்கத்துக்கு வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பவே சொன்னோம், கேட்டாளா?" என்றார்கள். எதை அப்போதே சொன்னீர்கள்? சிவப்பு விளக்குக்கு நிற்காதே என்று சொன்னீர்களா? கேட்டிருக்க வேண்டும். அன்று வாய் வரவில்லை. உன் அண்ணன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பேனரைப் பார்த்த அன்று வாய் வந்துவிட்டது. கடைக்காரர்கள் சங்கத்தில் வைத்தது என்றார்கள். செயலாளர் பெயிண்ட் கடை அண்ணாச்சி. நேரே கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுப் பிள்ள படத்த யாருட்ட கேட்டு வச்சிய?"

"பேப்பர்ல வந்த படந்தானம்மா. நல்ல காரியத்துக்குத்தான வச்சிருக்கோம். நாலு பிள்ளைய இதப் பாத்துத் திருந்தட்டும்."

"எதப் பாத்துத் திருந்தணும்? அவ ஸ்கூட்டர்ல செவப்பு லைட்டுக்கு நின்னா. பின்னால வந்த லாரி நிக்கல. நான் கண்ணால பாத்தேன்."

"அது சரிம்மா. இருந்தாலும் ரேஸ் ஓட்டுன பிள்ளதான? கால் எட்டாத வண்டியப் பொம்பளப் பிள்ள ஓட்டலாமா? அன்னைக்கி இல்லன்னாலும் என்னைக்காவது…"

என்னைக்காவது! நீ சாகாத ஒரு சாவை அவர் உனக்கு வைத்துக்கொண்டு பேசினார். என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அதற்குள் என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. அத்தை. என்னிடம் சொல்லாமலே பின்னால் நடந்து வந்திருக்கிறார்.

"தம்பி, எம் மவ நிக்கச் சொன்ன எடத்துல நின்னா. அவ படத்த வச்சிருக்கிய. நிக்காம வந்தவன் படத்த எங்கன வச்சிருக்கிய? அதயுங் காட்டுங்க, பாத்துட்டுப் போறேன்."

அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். "உக்காருங்கம்மா" என்றார். அத்தை உட்காரவில்லை. பேனர் இறங்கும்வரை அந்த வெயிலில் முக்கிலேயே நின்றார். இறக்கியவர்கள் அதைச் சுருட்டி ஓரமாகப் போடப் போனார்கள். "இங்க கொண்டாங்க. எம் பிள்ள மூஞ்சி ரோட்டுல கெடக்க வேண்டாம்" என்று வாங்கி, புடவையைப் போல மடித்து, வீட்டுக்கு எடுத்து வந்தார். டிரெய்லர்கள் அதே சாலையில் அதே வேகத்தில்தான் போகின்றன. அதைப் பற்றி இன்றுவரை ஒரு பேனர் இல்லை.

பிறகு வண்டி. ஓடாமல் நின்றால் கெட்டுப்போகும், ஓட்டுகிற யாருக்காவது கொடுத்துவிடுவோம் என்றார் உன் அண்ணன். முதலில் ஒரு பையன் வந்தான், ஆறடி. ஏறி உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் டேங்கைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நின்றன. அதோடு, "ராசியில்லாத வண்டின்னு சொல்லுதாங்களே அக்கா" என்றான். "வண்டி வீட்டுல நின்னுச்சி தம்பி. ராசி லாரிக்குத்தான் இல்ல. ஒனக்கு இது அளவும் இல்ல, போய்ட்டு வா" என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்து வந்தவர் கயத்தாற்றுக்காரர், பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார். ஐம்பதை நெருங்குகிறவர். உன்னைவிட நாலு விரல்தான் உயரம். கூச்சப்பட்டுக்கொண்டே, "லேடீஸ் ஓட்டுன வண்டின்னு கேள்விப்பட்டேன்" என்றார்.

"வண்டிக்கு அதெல்லாம் தெரியாது சார். ஒக்காந்து பாருங்க."

உட்கார்ந்தார். எனக்கு என்ன தெரியும், நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவள்தானே? ஆனாலும் கண்ணில் பட்டது. முழங்கை மடங்கியது. தொடை டேங்கைப் பிடித்தது. குனிந்த முதுகில் இறுக்கம் இல்லை. அவருக்கும் தெரிந்துவிட்டது. இத்தனை வருடமும் பெரிய வண்டிகளை ஓட்டி, அடுத்தவன் சட்டையையே போட்டுக்கொண்டிருந்ததாகச் சொல்லிச் சிரித்தார். உன் எடைக்குத் தளர்த்திய ஸ்பிரிங்கை மட்டும் அவருக்கு ஏற்றபடி மாற்றச் சொன்னேன். நான் சொன்னேன், பியூலா! நீ கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த மாதம் டிராக்குக்கு எடுத்துப் போகிறாராம், என்னையும் உன் அண்ணனையும் வரச் சொன்னார். அத்தை வாசல் நடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வண்டி அதே சத்தத்தோடு கேட்டைத் தாண்டியபோது அவர் அடுக்களைக்குள் போகவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏளா மெர்சி, அவ அங்கன என்னதான் செஞ்சான்னு நான் ஒரு நாளும் பாக்கலியே. நானும் வரட்டுமா? ஒக்கார நெழல் இருக்குமா?"

கூட்டிக்கொண்டு போகிறேன் பியூலா. அந்த வாத்தியார் ஓட்டும்போது, எந்த வளைவில் உள்ளே புகுந்தாய், எங்கே பிரேக் பிடித்தாய், எங்கே தாண்டிப் போனாய் என்று ஒன்றுவிடாமல் உன் அம்மாவுக்குக் காட்டுவேன். நிழல் இல்லையென்றால் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.

உன் அண்ணன் பெண்டாட்டி, என்றைக்கும் உன் மைனி,
மெர்சி